பதினாலு வருஷமா சிறுகதை எழுதறேன், முதல் தடவையா ஒரு கவிதை. படிச்சிட்டு சொல்லுங்க

முலுண்ட்காரி | ஞாயிறு இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். நான் சிறுகதைதான் எழுதறவ, ஒரு தொகுப்பு வந்திருக்கு. கவிதை படிப்பேன், நிறையவே படிப்பேன், ஆனா எழுதணும்னு தோணினதே இல்ல. இப்ப மூணு மாசமா ஒரு விஷயம் கதையா வரமாட்டேங்குது. எங்க அப்பாவப் பத்தி. நாலு தடவ ஆரம்பிச்சேன், நாலு தடவயும் ஆறாவது ஏழாவது பக்கத்துல நின்னு போச்சு. ஏன்னா அதுல நடக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கார், அவ்வளவுதான் விஷயம். அதுக்கு ஒரு சம்பவம், ஒரு திருப்பம்னு நான் எத கொண்டாந்து வச்சாலும் பொய்யா இருக்கு.

அப்பா பம்பாய்ல முலுண்ட்லேர்ந்து வி.டி.க்கு, அதாவது விக்டோரியா டெர்மினஸுக்கு, 31 வருஷம் லோக்கல் ரயில்ல போனவர், ஃபோர்ட்ல ஒரு ஆபீஸ்ல டைப்பிஸ்ட். அந்த ஸ்டேஷன் பேரு 1996ல சி.எஸ்.டி. ஆச்சு, 2017ல அதுவும் சி.எஸ்.எம்.டி. ஆச்சு, அவருக்கு கடைசி வரைக்கும் வி.டி.தான். காலைல கல்யாண், தானாலேர்ந்து வர்ற வண்டி முலுண்டுக்கு வரும்போதே ரொம்பித்தான் வரும், அதனால அவருக்குக் கிடைச்சதெல்லாம் ஃபோர்த் சீட்டுதான். பம்பாய் தெரியாதவங்களுக்காக சொல்றேன், மூணு பேர் உட்கார்ற பெஞ்சுல நாலாவதா ஒருத்தர் ஓரத்துல ஒட்டிக்குவார், பாதி உடம்பு பெஞ்சுல பாதி வெளிய, ஒரு கால நடக்கற வழியில ஊன்றிக்கணும் இல்லன்னா பிரேக் போடறப்ப விழுந்துருவோம். அப்பா வீட்டு சோஃபாவுலயும் அப்படியேதான் உட்காருவார்.

போன வருஷம் தவறிட்டார்.

இதுதான் எழுதினது. ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன், ஒரு வரி பதிலோட திரும்பி வந்துச்சு, "கதைகள் அனுப்புங்கள்"னு. எங்க தப்பு பண்றேன்னு மட்டும் யாராவது சொல்லுங்க.

முப்பத்தொரு வருடங்கள்
அப்பா ரயிலில் போனார்
மூன்று பேர் அமரும் இருக்கையில்
நான்காவது ஆளாக
பாதி உடம்பு காற்றில் தொங்க.
அதனால்தான்
வீட்டு சோஃபாவிலும்
அவர் ஓரத்திலேயே அமர்ந்தார்.
அவர் போன பிறகு
அந்த ஓரம் மட்டும்
அமுங்கிக் கிடக்கிறது
அவரது வாழ்க்கையைப் போல.

செம்பூர் அக்கா | ஞாயிறு இரவு 11.15

முதல்ல, அப்பாவுக்கு என் அஞ்சலி மா. எங்க வீட்டுக்காரரும் ஹார்பர் லைன்ல இருபத்தி ரெண்டு வருஷம் போனவர்தான், அந்த ஊன்றின கால் எனக்குத் தெரியும்.

கவிதைக்கு வர்றேன். "அதனால்தான்"ங்கற சொல்ல எடுத்துட்டு ஒரு தடவ படிச்சுப் பாரு. கதைல அந்த சொல்லு தேவை, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணு பொறக்கறத நீ கைப்புடிச்சு காட்டணும். இங்க ரயிலையும் சோஃபாவையும் பக்கத்துல பக்கத்துல வச்சாலே போதும், வாசகனுக்கு அது தெரிஞ்சிரும். நீ சொல்லிட்டா அவனுக்கு வேல இல்ல. கடைசி வரியும் அதே கோளாறுதான், "வாழ்க்கையைப் போல"ன்னு சொன்னதும் அமுங்கின சோஃபா போயிருச்சு, ஒரு கருத்து வந்து உட்கார்ந்திருச்சு.

மாட்டுங்கா டிகாஷன் | திங்கள் காலை 7.05

அக்கா சொன்னது சரி. நான் கொஞ்சம் கடுமையாவே சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. இது கதைய ஒடிச்சு ஒண்ணு கீழ ஒண்ணா அடுக்கினது. ஒரு சோதனை இருக்கு, வரிகளையெல்லாம் சேர்த்து ஒரே பத்தியா எழுதிப் பாருங்க, ஏதாவது குறையுதான்னு பாருங்க. ஒண்ணும் குறையலைன்னா அது வரியா உடைஞ்சதுக்கு காரணமே இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும், எனக்கே இது புரிய பல வருஷம் ஆச்சு. தமிழ் வாக்கியம் வினையில முடியும். போனார், அமர்ந்தார், கிடக்கிறது. கதைல அது உறுத்தாது, நீளமான வாக்கியத்துக்கு நடுவுல கரைஞ்சிரும். கவிதைல நாலு சொல்லுக்கு ஒரு தடவ வினைமுற்று வந்தா ஆணி அடிக்கற மாதிரி கேட்கும், ஒவ்வொரு வரியும் கதவ சாத்திட்டுப் போகும். பெயர்ச்சொல்லுல நிறுத்திப் பாருங்க. ஒரு வாக்கியத்த எடுத்துக்குவோம், "மழை நின்ற பிறகும் தார்ப்பாய் சொட்டிக்கொண்டிருக்கிறது". இது செய்தி. இதையே

மழை நின்ற பிறகும்
சொட்டும்
தார்ப்பாய்

இப்படி வச்சா என்ன சொட்டுதுன்னு ஒரு நொடி தெரியாம நிக்கிறோம், அப்புறம்தான் அந்த நீலத் தார்ப்பாய் கண்ணுக்கு வருது. இது பெரிய கவிதைன்னு சொல்ல வரல, வரி எங்க உடையணும்னு காட்டறதுக்குத்தான்.

முலுண்ட்காரி | திங்கள் பகல் 1.20

பத்தியா எழுதிப் பாத்தேன். உண்மைய சொல்றேன், பத்தியாத்தான் நல்லா இருக்கு, அதான் பயமா இருக்கு. நான் கதை எழுதறப்ப வாசகர் கைய விடவே மாட்டேன், எங்க நிக்கிறோம் என்ன மணி யாரு பேசறான்னு சொல்லிக்கிட்டே வருவேன், அது எனக்கு வெறும் பழக்கம் இல்ல, மரியாதைன்னே வச்சிருந்தேன். இங்க அதே மரியாதை தொந்தரவா ஆகுதுன்னு இப்பதான் புரியுது.

ஆனா அமுங்கின ஓரத்த விட முடியல அக்கா. அது நிஜம். அந்த ஃபோம் இன்னும் அப்படியேதான் இருக்கு.

காரிகை வாத்தியார் | திங்கள் மாலை 6.30

அம்மா, நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன், சயானில் இருக்கிறேன். இங்கே எல்லாரும் எதை எடுக்க வேண்டும் என்றே சொல்கிறார்கள். எடுப்பதற்கு முன்னால் கட்டத் தெரிய வேண்டும். கதை எழுதுகிறவர் கவிதைக்கு வந்தால் முதலில் காது பழக வேண்டும், காதைப் பழக்க யாப்பைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஒன்றும் பயமில்லை. குறிலோ நெடிலோ தனியாகவோ ஒற்றோடோ வந்தால் நேர். இரண்டு குறில், அல்லது குறிலும் நெடிலும், சேர்ந்து வந்தால் நிரை, அதுவும் ஒற்றோடு வரலாம். நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நேர் நிரை கூவிளம், நிரை நிரை கருவிளம். இவற்றோடு கடைசியில் ஒரு நேர் சேர்ந்தால் காய்ச்சீர். வெண்பாவுக்கு மாவுக்குப் பின் நிரை வர வேண்டும், விளத்துக்குப் பின் நேர், காய்க்குப் பின் நேர், இந்தக் கட்டுதான் தளை. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு இந்த நான்கில் ஒன்று. குறள் வெண்பாவுக்கு ஏழே சீர். ஒரு வாரம் இதில் உட்காருங்கள். அச்சில் வர வேண்டாம், யாருக்கும் காட்ட வேண்டாம், உங்கள் காதுக்காக.

டோம்பிவிலி ஃபாஸ்ட் | திங்கள் இரவு 9.50

சார் மரியாதையோட சொல்றேன், 1959ல சி.சு. செல்லப்பா 'எழுத்து'ங்கற பத்திரிகை ஆரம்பிச்சு புதுக்கவிதைக்கு இடம் குடுத்து இத்தன வருஷம் ஆச்சு, இப்ப போய் ஒருத்தர முதல் கவிதைக்கே தேமா புளிமாவுல உட்கார வச்சா அவங்களுக்கு இருக்கறதும் போயிரும். செல்லப்பாவே சிறுகதைக்காரர்தானே.

காரிகை வாத்தியார் | திங்கள் இரவு 10.20

தம்பி, புதுக்கவிதையை நான் மறுக்கவில்லை. அந்தத் தலைமுறையில் பலர் மரபு தெரிந்து அதை விட்டார்கள். தெரிந்து விடுவது வேறு, தெரியாமல் இல்லாதிருப்பது வேறு. நான் வெண்பாவில்தான் எழுத வேண்டும் என்று சொல்லவே இல்லை, காது பழக வேண்டும் என்றுதான் சொன்னேன்.

மாட்டுங்கா டிகாஷன் | திங்கள் இரவு 10.45

ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க. கதைக்காரங்க கவிதைக்கு வர்றது நம்ம மொழியில புதுசே இல்ல. புதுமைப்பித்தன் கவிதைய வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளைங்கற பேர்ல எழுதினார், க.நா.சு. மயன்னு எழுதினார், சுந்தர ராமசாமி பசுவய்யான்னு எழுதினார். ஏன் பேர மாத்தினாங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும், ஆனா எனக்கு அதுல ஒண்ணு புடிச்சிருக்கு, அந்த மேஜைக்கு வேற ஆளாப் போய் உட்கார்ந்திருக்காங்க. முலுண்ட்காரி மேடம், நீங்களும் கதை எழுதற நோட்டுல எழுதாதீங்க. லேப்டாப்புல கதை எழுதறவங்கன்னா கவிதைய கையால எழுதுங்க. நான் மின்சார பில் பின்பக்கத்துல எழுதறேன், இடம் கொஞ்சமாத்தான் இருக்கும், அது நல்லது.

தாராவி 90 அடி | செவ்வாய் காலை 5.40

நானும் இதே கேஸ்தான் அதனால குறுக்க வர்றேன். நாவல் ஒண்ணு முடிச்சிட்டேன், இப்ப கவிதைல கை வைக்கறேன். எங்க சந்துல விடியக்காலைல இட்லிக்காரங்க சைக்கிள்ல அலுமினியப் பாத்திரம் கட்டிக்கிட்டு கிளம்புவாங்க, ரப்பர் ஹாரன பாம் பாம்னு அமுக்கிக்கிட்டே போவாங்க, இத எழுதறப்ப இப்பவும் கேக்குது. அந்த சத்தத்த ரெண்டு பக்கத்துக்கு எழுதிருவேன், நாலு வரில எழுத முடியல. நாலு வரின்னு வந்ததும் கை தானா பெரிய வார்த்தைக்குப் போகுது, விடியல், வறுமை, பசின்னு. கதைல நான் இந்த சொல்ல எழுதவே மாட்டேன், கவிதைன்னதும் எங்கேர்ந்து வருதுன்னு தெரியல. முலுண்ட்காரி அக்கா, உங்களுக்கும் இப்படி வருதா?

முலுண்ட்காரி | செவ்வாய் காலை 9.30

வருது தம்பி. "அமரும்", "இருக்கை", "வருடங்கள்" எல்லாம் பாருங்க, என் கதைல அப்பா உட்காருவார், இங்க அமர்ந்துட்டார். கவிதைக்குன்னு ஒரு பட்டு வேட்டி கட்டி விட்டிருக்கேன் அவருக்கு. அவர் ஆபீஸுக்கு டெரிகாட்டன் பேன்ட்லதான் போனார்.

வாத்தியார் ஐயா, நேத்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன். விரல்ல நேர் நிரை எண்ணி எண்ணி ஒரு குறள் வெண்பா வந்திருக்கு, பாருங்க.

மூவர் இருக்கை நுனியிலோர் மூலையில்
காலொன்றை ஊன்றும் கதை.

காரிகை வாத்தியார் | செவ்வாய் மாலை 5.10

மிக்க மகிழ்ச்சி அம்மா. தளை தட்டவில்லை. மூவர் தேமா, இருக்கை புளிமா, நுனியிலோர் கருவிளம், மூலையில் கூவிளம், காலொன்றை தேமாங்காய், ஊன்றும் தேமா, கதை மலர். முதலடியில் மூவர், மூலை. இரண்டாம் அடியில் கால், கதை. மோனை இரண்டடியிலும் நிற்கிறது. ஒரே இரவில் இது வந்தது எனக்கு ஆச்சரியம்.

இப்போது ஆசிரியனாக ஒன்று சொல்கிறேன். நுனி என்று சொன்ன பிறகு மூலை எதற்கு? உங்கள் அப்பா உட்கார்ந்தது நுனியில்தான், மூலையில் இல்லை. மோனைக்காக வந்த சொல் அது. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். யாப்பில் எழுதுகிறவனுக்கு இதுதான் தினப்படி போராட்டம், தளையும் தட்டக்கூடாது, பொய்யும் சொல்லக்கூடாது. இப்போது இதைத் தூர வைத்துவிட்டு உங்கள் கவிதைக்குத் திரும்புங்கள், காது மாறியிருக்கும்.

டோம்பிவிலி ஃபாஸ்ட் | செவ்வாய் இரவு 8.15

சார் நேத்து சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். அந்த "மூலை" பத்தி நீங்க சொன்னது எனக்கும் பாடம். புதுக்கவிதைலயும் அதே தப்பு நடக்குது, நாங்க மோனைக்குப் பதிலா படிமத்துக்காக சொல்ல சேர்த்துக்கறோம்.

செம்பூர் அக்கா | செவ்வாய் இரவு 9.00

மீரா ரோட்ல இருக்கற என் தங்கச்சிக்கு இந்த இழைய படிச்சுக் காட்டினேன், அவ ஒரு கேள்வி கேட்டா, அத இங்க போடறேன். கவிதைய விட்டுடு மா கொஞ்ச நேரம். அப்பா சோஃபாவுல எப்படி உட்காருவார், அத மட்டும் சொல்லு. எங்களுக்கு எதிர்ல உட்கார்ந்து சொல்ற மாதிரி.

முலுண்ட்காரி | செவ்வாய் நள்ளிரவு 12.25

சொல்றேன் அக்கா. எங்களது ஒன் ரூம் கிச்சன், நான் சின்னவளா இருந்தப்ப வாங்கின மூணு சீட் சோஃபா, பச்ச ரெக்சின். ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுட்டு நானும் தம்பியும் கீழ பாயில படுத்திருப்போம், அம்மா கிச்சன்ல. அப்பா சோஃபாவோட வலது ஓரத்துல, கைப்பிடிக்கு அந்தப் பக்கம் சரிஞ்ச மாதிரி உட்காருவார், வலது கால் வெளிய ஊன்றியிருக்கும், பாதம் ஃபுல்லா தரைல பதியாது, முன்பாதம் மட்டும் அழுத்தி இருக்கும். பாயில படுத்தா என் கண்ணுக்கு நேரா அந்தக் கால்தான். கட்டவிரல் வெளுத்துப் போயிருக்கும் அழுத்தி அழுத்தி. பேப்பர விரிச்சுப் படிக்கவே மாட்டார், நாலா மடிச்சு ஒரு கையில புடிச்சு படிப்பார், வண்டில பக்கத்து ஆள் மூஞ்சில படாம படிக்கறதுக்கு அப்படித்தானே மடிப்பாங்க. மடிச்ச பக்கம் முடிஞ்சா திருப்பி மடிப்பார், அந்த சத்தம் சர்ர்னு கேக்கும். சாயங்காலம் வி.டி.லேர்ந்து வண்டி காலியாத்தான் கிளம்பும், பிளாட்ஃபாரத்துக்குள்ள வர்றப்பவே தாவி ஏறினா ஜன்னல் கிடைக்கும், அப்பா தாவ மாட்டார், எல்லாரும் ஏறினப்புறம் ஏறி அப்பவும் நாலாவதா உட்காருவார். அம்மா கேட்டா "நமக்கு எதுக்கு"ன்னு சொல்வார்.

எழுதிட்டு இருக்கறப்பவே கண்ணு கலங்கிருச்சு, காலைல வர்றேன்.

மாட்டுங்கா டிகாஷன் | புதன் காலை 6.50

மேடம், இந்தப் பதிவுல நாலாய் மடித்த பேப்பர் இருக்கு, ஊன்றின கால் இருக்கு, பாயில படுத்த கண்ணு இருக்கு. உங்க கவிதைல இது மூணுமே இல்ல. அங்க ஓரம் இருக்கு, காற்று இருக்கு, வாழ்க்கை இருக்கு.

குறுந்தொகைல கபிலர் பாட்டு ஒண்ணு, 25வது. அஞ்சே அடி. கதைக்காரங்க யாரு கவிதைக்கு வந்தாலும் நான் இதத்தான் முதல்ல காட்டுவேன். தலைவி சொல்றா, அன்னிக்கு வேற யாருமே இல்ல, அந்தக் கள்வன் மட்டும்தான், அவனே பொய் சொன்னா நான் என்ன பண்ணுவேன். அப்புறம் இப்படி முடியுது:

தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அவ்வளவுதான். சாட்சிக்கு ஒரு கொக்கு. அதுவும் இவங்களப் பாக்கல, ஓடற தண்ணில ஆரல் மீனப் பாத்துக்கிட்டு நிக்குது. நம்மள்ல ஒருத்தர் கதையா எழுதியிருந்தா அன்னிக்கு என்ன நடந்துச்சு, அவன் என்ன வாக்கு குடுத்தான், இப்ப ஏன் வரல எல்லாம் எழுதியிருப்போம். கபிலர் கொக்கோட கால எழுதறார், தினைத்தாள் மாதிரி மெலிசான பச்சக் கால். அவ அன்னிக்கு எத உத்துப் பாத்திருக்கான்னு அதுலயே தெரிஞ்சிருது, அவ நிலைமையும் தெரிஞ்சிருது. கடைசிச் சொல்லையும் பாருங்க, ஞான்று, அந்த நாள். வினைல முடியல.

உங்க கொக்குக் கால் அந்த வெளுத்த கட்டவிரல்.

முலுண்ட்காரி | புதன் இரவு 10.10

இன்னிக்கு ஆபீஸ் போறப்ப லேடீஸ் டப்பாவுல நானே ஃபோர்த் சீட்ல உட்கார்ந்திருந்தேன், கஞ்சூர்மார்க்லேர்ந்து தாதர் வரைக்கும். எதிர்ல நின்ன அம்மா "கஹா உத்ரோகே", எங்க இறங்குவீங்கன்னு கேட்டாங்க, என் இடத்த புக் பண்ண. அப்ப மனசுல முதல் ரெண்டு வரி வந்துச்சு, எழுதல, சொல்லிக்கிட்டே வந்தேன். டிகாஷன் சார் சொன்ன மாதிரி பில் பின்பக்கத்துல எழுதினேன்.

மூணு பேர் சீட்டில்
நாலாவது ஆள் அப்பா.

ஞாயிறு மத்தியானம்
வீட்டில் யாருமில்லை
சோஃபாவின் ஓரத்தில்
நாலாய் மடித்த பேப்பர்
அதன் கீழே
வெளியே ஊன்றிய ஒரு கால்

பக்கத்தில்
இரண்டு பேர் இடம்
காலி

அமுங்கின ஓரம் போயிருச்சு. எடுத்தேன்னு சொல்ல முடியாது, எழுதறப்ப அதுக்கு இடம் இல்லாம போச்சு. அப்பா தவறினதும் இதுல இல்ல. கட்டவிரலும் வரல, வச்சுப் பாத்தேன், காலுக்கும் மேல ஒரு வெளிச்சம் அடிச்ச மாதிரி ஆச்சு, எடுத்துட்டேன். கதைன்னா அது மூணையும் விட்டிருக்கவே மாட்டேன்.

தாராவி 90 அடி | புதன் இரவு 10.35

அக்கா. "காலி"ல நிறுத்தினது ரொம்ப நேரம் கூடவே இருக்கு.

டோம்பிவிலி ஃபாஸ்ட் | புதன் இரவு 11.05

முதல் வடிவத்துக்கும் இதுக்கும் பேச்சே இல்ல, வேற ஆள் எழுதின மாதிரி இருக்கு. ஆனா ஒரு இடம் இடிக்குது. "வீட்டில் யாருமில்லை"ன்னு சொல்றீங்க, அப்ப அந்தக் கால பாக்கறது யாரு? கதைல நீங்க இத விட்டிருக்கவே மாட்டீங்க, யாரு கண்ணுல கதை நடக்குதுன்னு முதல் பத்தியிலயே பாத்திருப்பீங்க. கவிதைன்னதும் கண்ணு ஆகாசத்துல போய் நின்னுக்குது. உங்க செவ்வாய்க்கிழமை பதிவுல பாயில படுத்த சின்னப் பொண்ணு இருந்தா, அவள எங்க விட்டீங்க? "யாருமில்லை" சோகத்துக்காக வந்த சொல்லுன்னு எனக்குப் படுது, வாத்தியார் சார் சொன்ன "மூலை" மாதிரி.

செம்பூர் அக்கா | வியாழன் காலை 8.00

சரியான கேள்வி. கதை எழுதற மூளைய முழுசா வெளிய நிறுத்திடாதே மா, இந்த மாதிரி இடத்துக்கு அது வேணும்.

முலுண்ட்காரி | வியாழன் இரவு 9.40

ஆமா. யாருமில்லாத மத்தியானமே எங்க வீட்ல கிடையாது, ஒத்த ரூம்ல நாலு பேரு. மாத்திட்டேன், நடு பகுதி மட்டும் போடறேன்.

ஞாயிறு மத்தியானம்
பாயில் படுத்தபடி பார்க்கிறேன்
சோஃபாவின் ஓரத்தில்
நாலாய் மடித்த பேப்பர்
அதன் கீழே
வெளியே ஊன்றிய ஒரு கால்

"பார்த்தேன்"னுதான் முதல்ல எழுதினேன், கை பழக்கம். வாய் விட்டுப் படிச்சப்ப அது முடிஞ்சு போன விஷயமா இருந்துச்சு. "பார்க்கிறேன்"னு மாத்தினதும் அவர் அங்கயே இருக்கார். என் கதை எல்லாமே இறந்தகாலத்துலதான், பதினாலு வருஷத்துல இத நான் யோசிச்சதே இல்ல.

ஒரு சந்தேகம். "மூணு", "நாலாவது" பேச்சு, "படுத்தபடி பார்க்கிறேன்" எழுத்து. கலந்து நிக்கலாமா?

காரிகை வாத்தியார் | வெள்ளி காலை 6.15

நிற்கலாம் அம்மா. மூன்று, நான்காவது என்று மாற்றிப் படித்துப் பார்த்தேன், ரயில் நின்றுவிட்டது. நாலாவது ஆளும் நாலாய் மடித்த பேப்பரும் ஒன்றையொன்று கேட்கின்றன, அதை மாற்றாதீர்கள். இன்னொன்று கவனித்தீர்களா? பாயில், படுத்தபடி, பார்க்கிறேன். ஒரே வரியில் மூன்று மோனை, பிறகு "பக்கத்தில்" அதே எழுத்தில் வந்து சேர்கிறது. நீங்கள் தேடிப் போட்டதில்லை என்று படிக்கும்போதே தெரிகிறது.

தாராவி 90 அடி | வெள்ளி இரவு 11.30

நானும் பெரிய சொல்லையெல்லாம் எடுத்துட்டு வெறும் ஹாரன் மட்டும் வச்சு எழுதிப் பாத்தேன், இப்ப கொஞ்சம் கேக்குது.

ஐந்தரை மணி
ஹாரன் சத்தம் திரும்பும் முனை
கையில் காசோடு
பல் விளக்காத பையன்

இன்னும் வேல இருக்கு, தெரியும். அடுத்த இழைல போடறேன், இது அக்காவோடது.

முலுண்ட்காரி | ஞாயிறு மாலை 4.50

தம்பி, அந்த "திரும்பும் முனை" நல்லா இருக்கு, விடாதீங்க.

இன்னிக்கு அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அம்மாவுக்கு நான் எழுதறது எதுவும் பெருசா படாது, கிச்சன்ல வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டாங்க. முடிச்சதும் "காலியா எங்க இருந்துச்சு"ன்னாங்க. எனக்குப் புரியல. "மழைக்காலத்துல துணி எங்கடி காயும், சோஃபா மேல பரப்பித்தானே ஃபேன் போடுவேன், உங்க யூனிஃபார்ம் ரெண்டு செட்டு, அவரோட பேன்ட்டு, அவரு உட்கார்றதுக்கே அந்த ஓரம் மட்டும்தான் விடுவேன்"னாங்க. ரயிலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டுட்டு மறுபடி வெங்காயம் உரிக்கப் போயிட்டாங்க.

ரொம்ப நேரம் ஒண்ணும் பேசத் தோணல. அக்கா, நீங்க முதல் நாள் எடுக்கச் சொன்ன "அதனால்தான்" இருக்கே, அது இருந்திருந்தா இப்ப என் கவிதையே பொய்யாப் போயிருக்கும். அது இல்லாததால அம்மா சொன்னதுக்கும் இதுல இடம் இருக்கு.

டிகாஷன் | ஞாயிறு மாலை 5.30 (மாட்டுங்கா, வேற போன்லேர்ந்து)

துணி வருதா மேடம்? "காலி" அழகா நிக்குது, விடறதுக்கு எனக்கே மனசு வரல. ஆனா அம்மா சொன்னப்புறம் அத வச்சுக்க முடியுமான்னு தெரியல.

செம்பூர் அக்கா | ஞாயிறு மாலை 5.45

என் ஓட்டு துணிக்கு.

முலுண்ட்காரி | ஞாயிறு இரவு 11.20

மூணு பேர் சீட்டில்
நாலாவது ஆள் அப்பா.

ஜூலை ஞாயிறு மத்தியானம்
பாயில் படுத்தபடி பார்க்கிறேன்
சோஃபாவின் ஓரத்தில்
நாலாய் மடித்த பேப்பர்
அதன் கீழே
வெளியே ஊன்றிய ஒரு கால்

பக்கத்தில்
இரண்டு பேர் இடத்தில்
காயாத துணி

காரிகை வாத்தியார் | திங்கள் காலை 6.05

வாய்விட்டு மூன்று முறை படித்தேன் அம்மா. "அப்பா"வுக்குப் பின்னால் அந்த முற்றுப்புள்ளி வேண்டுமா?

முலுண்ட்காரி | திங்கள் காலை 8.35

பாண்டுப் தாண்டறப்ப எடுத்துட்டேன் ஐயா.